வாளியில் இறங்கிய கருந்துளை

— அந்தக் கோணிக்குள்ள கைய விடாத யம்மா! கண்ணாடிச் சில்லு கெடக்கும், கிழிச்சுப்புடும். மொதல்ல இப்படி உக்காரு. மாட்டுங்காவுல இருந்து தாராவிக்கு நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்திருக்க, எதுக்குன்னு ஒழுங்காச் சொல்லு.

— சொன்னேனே அக்கா, ஒரு நோட்டு. நீள சைஸ், நீல அட்டை. எண்பத்துநாலு தாள் எழுதியிருக்கு. போன ஞாயித்துக்கிழமை எங்கப்பா பழைய பேப்பரோட சேர்த்து அதையும் எடைக்குப் போட்டுட்டார். பழைய பேப்பர் எடுக்கற ரத்திக்காரர் மாரீஸ்வரன்தான் சொன்னார், எம் மால் பூரா முருகம்மாள் அக்கா கோடௌனுக்குத்தான் போகும்னு.

— முருகம்மா நாந்தான். உம் பேரு என்ன?

— சாதனா.

— ஞாயித்துக்கெழம வந்த மாலா! இன்னைக்குச் சனி, சாதனா. ஆறு நாளு ஆச்சுலா.

— அப்படிச் சொல்லாதீங்கோ அக்கா, ப்ளீஸ். திங்கட்கிழமை பதினோரு மணிக்குள்ள எனக்கு அது வேணும். இல்லைன்னா நான் காலி.

— அழாத. சவத்த, நோட்டுதான? தாலிச் சங்கிலியே இந்தக் கோணியில வந்திருக்கு, தேடிக் குடுத்திருக்கேன். ஆனா ஒண்ணு, நோட்டு நோட்டா இருக்காது, பாத்துக்கோ.

— மத்லப்? புரியலையே.

— இங்க ஒரு நோட்டு வந்துச்சுன்னா, மொதல்ல அட்டையப் பிய்ச்சு அட்டைக் குவியல்ல போடுவோம். பின்னு கம்பியக் கழட்டி இரும்பு டப்பாவுல போடுவோம். பொறவு தாளு. நியூஸ்பேப்பர் தனி, கலர் தனி, வெள்ளை தனி. உள்ள வரும்போது கல்யாணப் பத்திரிகை வரும், கோர்ட்டு பேப்பர் வரும், எவனோ எவளுக்கோ எழுதுன லெட்டரு வரும். வெளிய போவும்போது எல்லாம் ஒரே மாதிரி கட்டு. எது என்னவா இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது.

— கடவுளே! நான் எழுதினதே அதைப் பத்தித்தான் அக்கா!

— எங்க கோடௌனப் பத்தியா?

— இல்லை, ஆகாசத்துல இருக்கற ஒண்ணைப் பத்தி. எதைப் போட்டாலும் முழுங்கிடும். வெளில விடறச்சே எல்லாத்தையும் ஒரே மாதிரி விடும். ப்ளாக் ஹோல்னு கேட்டிருக்கேளோ? கருந்துளை.

— டீவியில காட்டுனானே. ஆரஞ்சு கலருல, நடுவுல ஓட்டையா, மெதுவடை மாதிரி.

— அதேதான்!

— அந்த வடைக்கு எம்பத்துநாலு தாளா எழுதுன? சரி, அது கெடக்கட்டும். தாளுல ரெண்டு பக்கமும் எழுதுவியா, ஒரு பக்கமா?

— ஒரு பக்கம்தான். சின்ன வயசுலேருந்து அப்பா பழக்கினது. மேல மூலையில நம்பர் போட்டு வட்டம் போடணும். ஒரு தாள் முடிஞ்சா அதோட கடைசி வரியை அடுத்த தாள்ல மேல மறுபடி எழுதிட்டுத்தான் தொடரணும். அவர் ரயில்வேல ரெக்கார்ட் செக்‌ஷன்ல முப்பத்தொன்பது வருஷம் இருந்தவர். வீட்டுல பால் கணக்கு எழுதினாக்கூட அப்படித்தான்.

— ஒரு பக்கமா! அப்ப நீ தப்பிச்ச போ! ஒன்சைடு தாள நான் மில்லுக்கே அனுப்ப மாட்டேன். எல்லாம் மேல போயிரும்.

— மேலன்னா?

— இந்தா நிமிந்து பாரு, பலகைச் சந்துல பிள்ளைக காலு தெரியுதுலா? மேல பிரேமலதா டீச்சர் டியூசன் எடுக்கா. ஒன்சைடு தாளத் தச்சு பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டாக் குடுத்துருவோம். ஏ... ஏய், ஏணியில ஏறாத! நாப்பது பிள்ளைக உக்காந்திருக்கு, கால் வைக்க எடம் கெடையாது. வாளி எதுக்கு இருக்கு? ஏ பிரேமா! ஏட்டீ பிரேமா! இந்த வாரம் குடுத்த ஒன்சைடு பூராத்தையும் பிள்ளைககிட்ட வாங்கிப் பிரிச்சு வாளியில எறக்கு! பின்னால நீல மையில பூச்சி பூச்சியா எழுதியிருக்கும், அது மட்டும் போதும்!

— பூச்சி இல்லை அக்கா, இன்டகிரல்.

— சரி, இன்டகிரல் பூச்சி. உம் போனு அடிக்குது பாரு.

— அடிக்கட்டும். எங்கப்பா.

— எடுத்துப் பேசேன்.

— மாட்டேன். காலம்பறதான் பெரிய சண்டை. நோட்டை எடைக்குப் போட்டாச்சுன்னு தெரிஞ்சதும் எனக்குக் கோவம் தலைக்கு ஏறிடுத்து. அவர் பாட்டுக்கு "கேட்டியோ, எழுபத்தொன்பதுல நான் ஆபீஸ்ல சேர்ந்தப்போ"ன்னு ஆரம்பிச்சார். ஒரு விஷயம் கேட்டா நாப்பது வருஷம் முன்னாலேருந்துதான் வருவார். நான் கதவைப் படார்னு சாத்திண்டு வந்துட்டேன்.

— கட் பண்ணிட்டியா? நல்ல பிள்ளைதான். இந்தா, மொத வாளி வந்துட்டு. பிடி.

— இதுதான், இதுதான்! என் கையெழுத்து! பத்து... பதினொண்ணு தாள் இருக்கு. எழுபத்தொண்ணு, பன்னெண்டு, அம்பத்தஞ்சு, மூணு... ஐயோ, பின்பக்கம் பூரா ஏழாம் வாய்ப்பாடு. இதுல யாரோ ரயில் வரைஞ்சிருக்கா. ஜன்னல்ல தொங்கறவாளைக்கூட விடலை.

— பிள்ளைக அப்படித்தான். என்ன எழுதியிருக்கன்னு வாசிச்சுச் சொல்லு, கேப்போம்.

— வாசிக்க முடியாது. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் சம்பந்தமில்லை. இதை மட்டும் பார்த்தா எனக்கே புரியலை. உங்களுக்கு ஒண்ணு தெரியுமோ? கருந்துளையும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

— எது, அதும் வாளியில எறக்குமா?

— ஏறக்குறைய! உள்ள போனது வெளில வரவே வராதுன்னுதான் எல்லாரும் நெனைச்சிண்டிருந்தா. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தா, அது கொஞ்சம் கொஞ்சமா சூட்டை விட்டுண்டே இருக்கு, கோடானு கோடி வருஷத்துல கரைஞ்சே போயிடும்னு தெரிஞ்சுது. ஆனா அந்தச் சூட்டைப் பார்த்து உள்ள என்ன போச்சுன்னு சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகையைப் போட்டாலும் அதே சூடு, கோர்ட்டு பேப்பரைப் போட்டாலும் அதே சூடு.

— எங்க கட்டு மாதிரி.

— ஆமாம். இந்தப் பக்கம் க்வாண்டம்னு ஒரு சாஸ்திரம் இருக்கு. உங்க மொபைல், டீவி எல்லாம் அதை வெச்சுத்தான் ஓடறது. அதுக்கு ஒரே ஒரு பிடிவாதம். எதுவும் அடியோட அழியாது. எவ்வளவுதான் கிழிச்சாலும், எரிச்சாலும், எல்லாத் துண்டையும் ஒண்ணு விடாம சேர்த்தா ஆரம்பத்துல என்ன இருந்ததுன்னு திரும்பச் சொல்ல முடியணும்.

— நாயமான பேச்சுதான்.

— அப்போ கருந்துளை கரைஞ்சு காணாமப் போச்சுன்னா, உள்ள போன சமாச்சாரம் எங்கே? அழிஞ்சுடுத்துன்னா க்வாண்டம் பொய். அழியலைன்னா எந்த வழியா வெளில வந்தது? அம்பது வருஷமா இதான் சண்டை.

— என்ன பெரிய சண்டை? உள்ள போறதுக்கு முன்னாலயே ஒரு ஜெராக்ஸு எடுத்து வெளிய வச்சிருக்கும்.

— ஐயோ அக்கா, நீங்க எங்க செமினாருக்கு வரலாம்! எல்லாரும் அதைத்தான் கேப்பா. ஆனா அது கூடாது. க்வாண்டம்ல காபி எடுக்கவே முடியாது. அது ரூல். ஒண்ணுன்னா ஒண்ணுதான். உள்ள ஒண்ணு, வெளில ஒண்ணுன்னு ரெண்டு இருக்க முடியாது.

— ஓஹோ. உன் நோட்டுக்கும் அந்த ரூலுதானா? நீ ஏன் ஜெராக்ஸு எடுத்து வைக்கல?

— அதுக்கு ரூல் எல்லாம் இல்லை. சோம்பேறித்தனம்.

— அப்படிச் சொல்லு! ரெண்டாவது வாளி வந்துட்டு. தள்ளு, நீ கைய வைக்காத, நான் அடுக்குதேன். முப்பது வருசமா தாளு அடுக்குத கையி இது. நம்பர் இருக்கதெல்லாம் இப்படி வரிசையா... இதுல மூலையக் கிழிச்சு வச்சிருக்கான், நம்பரக் காணும். இரு. இதுக்குக் கடைசி பூச்சி வரிசையும், இந்தா இதுக்கு மொத பூச்சி வரிசையும் ஒண்ணு போல இருக்கு. வால் நீட்டமா ஒரு பூச்சி, பக்கத்துல ரெண்டு கோடு, கீழ ஒரு புள்ளி. சேத்துரலாமா?

— சேத்துருங்கோ! பதினெட்டும் பத்தொன்பதும். எப்படி அக்கா?

— உங்கப்பா பழக்குனதுலா கைகுடுக்கு. நல்ல மனுசன்தான் போல. இந்நேரம் என்ன செய்வாரு பாவம்?

— என்ன செய்வார், ராமஜெயம் எழுதிண்டிருப்பார். ரெண்டு மாசமா அதான். பெரிய ரெஜிஸ்டர் வாங்கி வெச்சிண்டு, சாப்பிட்டதும் உக்காந்தார்னா நிமிரவே மாட்டார். நான் உள்ள வந்தா மூடி வெச்சுடுவார். வெக்கம்.

— ரெண்டாந்தரம் அடிக்காரு பாரு.

— அக்கா, வேலையைப் பாருங்கோ.

— கட் பண்ணிட்டா! ஏட்டீ பிரேமா, மூணாவது வாளி எங்கட்டி? சாய் ரெண்டு சொல்லியிருக்கேன், குடி சாதனா. திங்கக்கெழம என்ன, வேலைக்கு இண்டர்வியூவா?

— அதைவிட மோசம். நானும் நகுல்னு ஒருத்தனும் சேர்ந்து இந்தக் கணக்கைப் போடறோம். அவன் பெங்களூர்ல இருக்கான். ஆளுக்கொரு வழி, ரெண்டும் ஒரே எடத்துக்கு வரணும். அவனுக்கு அழகா வந்துடுத்து. எனக்கு வரலை. திங்கட்கிழமை எங்க ஆராய்ச்சி செமினார்ல எல்லாருக்கும் முன்னால ரெண்டையும் காட்டணும். என் கணக்குல எங்கேயோ தப்பு இருக்கு, அது எங்கேன்னு நான் கண்டுபிடிச்சாகணும். இல்லைன்னா என் பேரை எடுத்துட்டு ஆராய்ச்சிக் கட்டுரையை அவன் பேர்ல மட்டும் போடுவா. மூணு வருஷ உழைப்பு அக்கா.

— என்ன வரல ஒனக்கு? என் மண்டைக்கு ஏறுத மாதிரிச் சொல்லு.

— எப்படிச் சொல்றது... மூணாவது வாளி வந்துடுத்தா? எத்தனை?

— இருவது. மொத்தம் நாப்பத்தெட்டு.

— பாதி தாண்டியாச்சு. இப்போ பாருங்கோ. முதல் வாளி வந்தப்போ என்ன இருந்தது?

— குப்பை இருந்துச்சு.

— ரெண்டாவது வந்தப்போ?

— இன்னும் குப்பை. நாலஞ்சு எடத்துலதான் சேந்துச்சு.

— இப்போ?

— இப்பம் எந்தத் தாள எடுத்தாலும் பக்கத்துத் தாளு இங்கனயே கெடக்கு. டப்புடப்புனு போய் உக்காருது. சவம், இது நல்லாருக்கே! வாளி வர வர வேலை கொறையுது!

— அதான் அக்கா! அதேதான்! பாதி வரைக்கும் குழப்பம் ஏறும். பாதி தாண்டினா, புதுசா வரது ஒவ்வொண்ணும் முன்னாடி வந்ததோட ஒட்டிக்கும், குழப்பம் இறங்க ஆரம்பிக்கும். கடைசித் துண்டு வரச்சே குழப்பம் பூஜ்யம். கருந்துளையும் அப்படி ஏறித் திரும்பி இறங்கித்துன்னா ஒண்ணும் அழியலைன்னு அர்த்தம். க்வாண்டமும் பொழைச்சுது, கருந்துளையும் பொழைச்சுது. நகுலோட கிராஃப் அப்படித்தான் இறங்கறது. என்னோடது ஏறிண்டே போறது. திரும்பவே மாட்டேங்கறது.

— ஒன்னோட வடை மட்டும் முழுங்குனத முழுங்குனபடி வச்சுக்கிடுது.

— ஆமாம்!

— சிரிக்கியே, நல்லது. நாலாவது வாளி. இருவத்தி மூணு இருக்கு. இது யாரு, உன் பூச்சிக்கு மீசை வச்சிருக்கான். பின்னால "மாஜி ஆயி"ன்னு மராட்டியில கட்டுரை. வாசிக்கத் தெரியுமா ஒனக்கு?

— தெரியும். "என் அம்மா ஸ்டேஷன்ல பூ விக்கறா. அவளுக்குக் கூட்டம்னா பிடிக்கும்." எவ்வளவு அழகா எழுதியிருக்கு குழந்தை! என் எண்பத்துநாலு தாள்ல இப்படி ஒரு வரி கிடையாது.

— அது முத்துமாரி மகளா இருக்கும். சரி, வாசிச்சது போதும், சரி பாரு. ஒவ்வொண்ணா எங்கிட்டக் கேளு, கடைசி வரியும் மொத வரியும் நான் பாக்கேன், நடுவுல உள்ளத நீ பாரு.

— ஒண்ணுலேருந்து பத்து சரி. இருபது வரைக்கும் சரி. இருபத்தஞ்சு... முப்பது... அக்கா, முப்பத்தாறு வரைக்கும் ஒரு தப்பும் இல்லை!

— பொறவு?

— அடுத்து நாப்பத்தொண்ணுன்னா இருக்கு. இருங்கோ. நாப்பத்தொண்ணுல ஆரம்பத்துலேயே கோணலா இருக்கு. இது இப்படி வரவே கூடாது. அப்போ தப்பு நடுவுல இருக்கு. முப்பத்தேழுலேருந்து நாப்பதுக்குள்ள. மாட்டிண்டுடுத்து, மாட்டிண்டுடுத்து! அந்த நாலு தாள் எங்கே?

— அஞ்சாவது வாளியில வரும். ஏட்டீ பிரேமா! எறக்கு! எம்பத்துநாலுல எழுவத்தொண்ணு ஆச்சு. இந்தா வந்துட்டு. ஒண்ணு, ரெண்டு... ஒம்பது.

— எண்பது. நாலு குறையறது.

— நம்பரப் பாரு.

— எழுபத்தேழு, அம்பத்தெட்டு, அறுபது... இல்லை. இதுல இல்லை. அந்த நாலும் இல்லை அக்கா.

— இரு, பதறாத. ஏ பிரேமா! இன்னும் நாலு தாளு வேணும்! என்னட்டி? சத்தமாச் சொல்லு, மழையில கேக்கல! ...யாரு? ...என்னைக்கு? ...நாலுமா? ஏ சவமே! சரி, சரி, அடிக்காத பிள்ளைகள. வாளிய மேல இழு.

— என்ன சொல்றா?

— யம்மா... வியாழக்கெழம பெரிய மழை பேஞ்சுலா? சந்துல முட்டளவு தண்ணி. பிள்ளைக நாலு பேரு கப்பல் செஞ்சு விட்டிருக்காங்க. நேரா சாக்கடை, அங்கன இருந்து மித்தி நதி, பொறவு மாஹிம் கடலு.

— கடலா?

— கடலுதான். நல்லாப் போச்சாம் கப்பலு. ஒண்ணு கூட முங்கலையாம்.

— ஒண்ணு கூட முங்கலையா!

— அழுதியா, சிரிக்கியா?

— தெரியலை அக்கா. க்வாண்டம்படி பார்த்தா அது அழியலை. அரபிக்கடல் பூராவையும் ஒரு சொட்டு விடாம மொண்டு வந்து சேர்த்தா என் முப்பத்தேழாம் தாள் கிடைச்சுடும்.

— இந்த வாளி பத்தாது.

— அந்த நாலு தாளுக்கு மூணு மாசம் ஆச்சு எனக்கு. ரெண்டு நாள்ல திரும்பப் போட முடியாது. போறும், விடுங்கோ. திங்கட்கிழமை நின்னுண்டு, "எனக்குத் தெரியலை"ன்னு சொல்லிடறேன். உங்களுக்கு ஒரு மத்தியானம் பூரா வீணாப் போச்சு.

— எனக்கு என்ன வீணு? டைம்பாஸ் ஆச்சு. வடை கரையும்னு இன்னைக்குத்தான தெரிஞ்சுக்கிட்டேன். ஒனக்குத்தான் மனசு கெடந்து அடிக்கும். உங்கப்பா மேலயும் கோவம் போயிருக்காது.

— கோவம் போயிடுத்து அக்கா. இப்போ வருத்தமாத்தான் இருக்கு. அவரை அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். எனக்கு ஒழுங்கா எழுதக் கத்துக் குடுத்ததே அவர்தானே.

— இந்தா, மூணாந்தரம் அடிக்காரு. எடு.

— எடுத்தா அழுதுடுவேன்.

— அப்ப நான் எடுக்கேன். குடு இங்க. ஹலோ! யாரு, சாதனா அப்பாவா?

— யெஸ், ஜகந்நாதன் பேசறேன். நீங்க யாராக்கும்?

— நான் முருகம்மா, தாராவி. உங்க மக எங்க கோடௌன்லதான் இருக்கா. பத்திரமா இருக்கா, சாய் குடிச்சிட்டா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீங்க பேசுங்க சார்.

— குட்டி, கேக்கறதோ? எழுபத்தொன்பதுல நான் ரெக்கார்ட் செக்‌ஷன்ல சேர்ந்தப்போ, கேட்டியோ, ஒரு ஹெட் கிளார்க் இருந்தார்...

— அப்பா, சாரி அப்பா. காலம்பற நான் அப்படிக் கத்தினது தப்பு. நோட்டு போனாப் போறது. நீங்க சாப்பிட்டேளா?

— சாப்பாடு கிடக்கட்டும். சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சுடறேன். அந்த ஹெட் கிளார்க் ஒரு ஆர்டர் போட்டிருந்தார். ஃபேர் காபி எடுத்து, வரிக்கு வரி கம்பேர் பண்ணி, கையெழுத்தும் போட்டாச்சுன்னா, ரஃப் காபி மேஜைல ஒரு நிமிஷம் இருக்கப்படாது. எடைக்குப் போட்டுடணும். அந்தப் பழக்கமாக்கும் எனக்கு.

— ஃபேர் காபியா? எதுக்கு ஃபேர் காபி?

— உன் நீல நோட்டுக்கு. ரெண்டு மாசம் முன்னால நீதானே தலையைப் பிடிச்சிண்டு சொன்னே, இதை யாராவது ஃபேர் பண்ணித் தந்தா புண்யமாப் போகும்னு.

— அப்பா! அப்போ ராமஜெயம்?

— ஏது ராமஜெயம்? எனக்கு ராமஜெயம் எழுத ஏது நேரம்? பகல்ல நீ ஆபீஸ் போனதும் ஆரம்பிப்பேன். ஒரு எழுத்து புரியலை. அந்த நீட்டமா வளைஞ்சு வருமே, அதை எழுதப் பழகவே ஒரு வாரம். பொறந்தநாளுக்குத் தரலாம்னு பீரோல வெச்சிருந்தேன். காலம்பற சொல்ல வாயைத் தொறந்தேன், நீ கதவைச் சாத்திட்டுப் போயிட்டே.

— சார், ஒண்ணு விடாம எல்லாத் தாளும் இருக்கா?

— எண்பத்துநாலும் இருக்கு அம்மா. ரெஜிஸ்டர்ல, கறுப்பு மையில.

— ஏ சாதனா, காபி எடுக்கவே முடியாதுன்னு ரூலு இருக்குன்ன!

— அக்கா, சும்மா இருங்கோ! அப்பா, ரெஜிஸ்டரை எடுங்கோ. முப்பத்தேழுலேருந்து நாப்பது. அந்த நாலு பக்கத்தை ஃபோட்டோ எடுத்து உடனே அனுப்புங்கோ.

— அனுப்பறேன். ஆனா குட்டி, நீ கோச்சுக்கப்படாது. அந்த எடத்துலதான் உன்னைக் கேக்காம நான் ஒரு அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிட்டேன். காலம்பறலேருந்து மனசு கேக்காமத்தான் ஃபோன் மேல ஃபோன் போடறேன்.

— என்ன பண்ணினேள்?

— முப்பத்தெட்டாம் தாள் கடைசி வரில ஒரு மைனஸ் இருந்தது. முப்பத்தொன்பதுல மேல அதே வரியை நீ திரும்ப எழுதறச்சே பிளஸ்னு போட்டிருந்தே. கம்பேர் பண்ணா ரெண்டும் ஒண்ணா இருக்கணுமோல்லியோ, கை சும்மா இருக்காம நான் மைனஸ்னு மாத்திட்டேன். நீ அந்த ரஃப்பைக் கொண்டு வந்துடு குட்டி, பார்த்துப் பழையபடி பிளஸ்ஸாவே எழுதித் தந்துடறேன்.